எழுபத்தொன்றாம் நாள்

"வாயைத் திற."

"இன்னிக்கு ஒரு நாளு வேணாம்க்கா."

தமிழ்மொழி அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்துத் தம்பியின் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். மாட்டுக் கொட்டகை முழுக்கச் சாணியும் ஊறிய தவிடும் மணத்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வாசலில், மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காய்ந்ததா என்று பார்க்க யாரோ இரண்டு அடி அடித்தார்கள். கட்டியிருந்த கிடாரி மிரண்டு கயிற்றை இழுத்தது.

சித்தார்த்தன் மாத்திரையை வாயில் போட்டு, அவள் கொடுத்த பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான். பிறகு வாயைத் திறந்து காட்டினான். அவள் செல்போன் விளக்கைப் போட்டாள். எழுபது நாளாக இதுதான் முறை. முதலில் வாய். பிறகு நாக்கின் அடி. பிறகு இரண்டு கன்னத்தின் உள்பக்கம். டாக்டர் சொல்லிக்கொடுத்தது.

"நாக்கத் தூக்கு."

"சித்து! எங்கடா பூட்ட? செரைக்கிறவரு வந்து ஒக்காந்துகினு இருக்காரு!"

பெரியம்மாவின் குரல் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டது. தமிழ்மொழி விளக்கை அணைத்து மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சித்தார்த்தன் வாயை மூடிக்கொண்டான். சட்டையைக் கழற்றி, பையில் போனோடு ஆணியில் மாட்டிவிட்டு, பெரியம்மாவின் பின்னால் போனான்.

எழுபத்தொன்று, என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா ராஜசேகர் இருந்தார். நேற்று மதியம், பெரியப்பா பச்சமுத்துவின் இந்த வீட்டில்தான், இறந்துபோனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போர் வண்டியில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆந்திரா, ஒடிசா என்று ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டி. முதல் வருஷம் இரண்டு தடவை போன் வந்தது. பிறகு வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன் வயிறு வீங்கி அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். திண்டிவனத்தில் அவர்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து, விழுப்புரத்தைத் தாண்டித் திருவாமாத்தூர்ப் பக்கம் இருக்கும் இந்த ஊருக்கு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

தெரு முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. கடந்த ஒன்பது வருஷத்தில் எடுத்த போட்டோ யாரிடமும் இல்லை. பெரியப்பா வீட்டு அலமாரியில் கிடைத்த ஒரு பழைய படத்தைக் கொடுத்திருந்தார்கள். அதில் அப்பாவுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது சித்தார்த்தன் அதன் முன்னால் நின்றுவிட்டான். அதே நெற்றி, அதே புருவம். சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற அதே உதடு. கூட வந்த பக்கத்து வீட்டு அம்மா, "யாருடி இது, உன் தம்பி போட்டோவயா போட்டுட்டானுங்க?" என்று தமிழ்மொழியின் காதில் கேட்டார். மெல்லத்தான் கேட்டார். சித்தார்த்தனுக்குக் கேட்டுவிட்டது.

அப்போதிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

"ராஜசேகர் எங்க போயிட்டான்? தோ நிக்கிறானே. அப்பன உரிச்சு வெச்சிருக்கான்."

ஒவ்வொரு முறையும் தம்பியின் தாடை இறுகித் தளர்வதை அவள் பார்த்தாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், திண்டிவனத்தில் ரயில்வே கேட் போடுகிறவர் அவனைச் சட்டையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தார். தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தானாம். குடித்திருந்தான். "சும்மா ஒக்காந்திருந்தேன்" என்றான். மறுநாள் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் லீவு சொல்லிவிட்டு அவனை முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனநலப் பிரிவு என்று எழுதியிருந்த கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் அவனைக் கேட்டார், "எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்க?"

"பதினஞ்சு."

"எதுக்கு?"

"தூக்கம் வராது சார். வண்டி ஸ்டாண்டு போடற சத்தம் கேக்கும்."

"யார் வண்டி?"

அவன் சொல்லவில்லை. அப்பாவின் டிவிஎஸ் வண்டி. ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டதும் பிள்ளைகள் இருவரும் போர்வைக்குள் பத்து வரை எண்ணுவார்கள். பத்துக்குள் பாத்திரம் உருண்டால், அம்மாவுக்கு அடி. உருளாமல் திண்ணென்று ஒரு சத்தம் கேட்டால், அப்பாவே விழுந்துவிட்டார், இன்றைக்குத் தூங்கலாம். வண்டியை விற்றுப் பத்து வருஷம் ஆகிறது. அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். டாக்டர் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முதலில் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தடவை குடித்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகுதான் இந்த மாத்திரை. டாக்டர் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். இதைச் சாப்பிடுகிறவர் ஒரு மடக்குக் குடித்தாலும் முகம் சிவக்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும், இதயம் நின்றாலும் நிற்கும். ஒளித்துக் கொடுக்கக் கூடாது. அவராகக் கேட்டுச் சாப்பிட வேண்டும், கூட ஒருவர் பார்க்க வேண்டும். சித்தார்த்தன் கையெழுத்துப் போட்டான். கீழே அவள் போட்டாள்.

வெளியே வந்ததும் அவன் ஒன்றுதான் கேட்டான். "யாருக்கும் சொல்லாதக்கா. அப்பன் மாரியேன்னுவாங்க."

அம்மாவிடம்கூடச் சத்து மாத்திரை என்றுதான் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் பெரியம்மாவுக்குப் போன் போகும். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் மைக் வைத்த மாதிரி.

பதினோரு மணிக்கு அவள் குடிக்கத் தண்ணீர் தேடிப் பின்கட்டுக்குப் போனாள். வைக்கோல் போருக்கு அப்பால் டிராக்டர் பெட்டியில் மணிமாறன் குந்தியிருந்தான். பெரியப்பா மகன். ஆறு மாதமாக அப்பாவைத் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் அவன்தான் என்று வந்ததிலிருந்து எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு லிட்டர் ஆரஞ்சு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தென்னங்கன்றின் அடியில் பாதியை ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சாக்கு மேல் பிராந்தி பாட்டில்கள் படுத்திருந்தன.

அவளைப் பார்த்ததும் சிரித்தான். அழுது வீங்கிய கண்கள்.

"ஏ மொழி, நீ ஒண்ணும் பாக்கல. செரியா?"

"இன்னாண்ணா இது?"

"சுடுகாட்டுக்கு. பாட்டிலாவே எட்துகினு போனா அப்பா கத்துவாரு, சம்பந்தி வூட்டுக்காரங்கள்லாம் வந்திருக்காங்க, மானம் போவுதுன்னு. இதுல ஊத்திட்டா ஆரஞ்சு. யாரு கேக்கப் போறா?"

"யாருக்கு இதெல்லாம்?"

"தூக்கறவனுங்களுக்கு, கட்ட அடுக்கறவனுங்களுக்கு. அப்பறம் உன் தம்பிக்கு ஒரு கிளாசு. பாவம் அவன், காலைலருந்து வாயில பச்சத் தண்ணி படல. பெத்தவனுக்குக் கொள்ளி வெக்கறதுன்னா சும்மாவா? கை நடுங்கும். நெஞ்சு அடைக்கும். ஒரு மடக்கு உள்ள போனா தெம்பா நிப்பான்."

"அவனுக்கு வேணாண்ணா."

"ஏன்? பால்குடியா அவன்? பத்தொம்பது வயசு."

அவளுக்கு எப்போதும் இப்படித்தான். சொல்ல வேண்டியது முழுதாக உள்ளே இருக்கும். வெளியே வரும்போது பாதிதான் வரும்.

"மாத்திர சாப்பிடறான்."

"இன்னா மாத்திர?"

"ஜுரத்துக்கு."

மணிமாறன் பிராந்தியை ஆரஞ்சு பாட்டிலுக்குள் சரித்தான். "ஜுரத்துக்கு இத வுட மருந்து இருக்குதா? நீ லேபுல ரத்தத்த உருட்டிப் பாக்குற புள்ள. உனுக்கு இதெல்லாம் தெரியாது." மூடியைத் திருகி இரண்டு குலுக்குக் குலுக்கினான். நிறம் கொஞ்சம் கருத்து, பிறகு பழையபடி ஆரஞ்சாக ஆனது. "பாரு, அவனுக்கே தெரியாது. கலருன்னு குடிச்சிடுவான். நான் பாத்துக்கறேன், நீ போ, போய் உங்கம்மாகிட்ட ஒக்காரு."

அவள் நின்றாள். பிறகு நடந்தாள். கல்லூரியில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி. சாராயம் ஈரலுக்குள் போய் முதலில் ஒரு விஷமாக மாறும். பிறகு அந்த விஷத்தை உடம்பு உடைத்து வெளியே தள்ளும். மாத்திரை அந்த இரண்டாவது வேலையை நிறுத்திவிடும். விஷம் உள்ளேயே நிற்கும். படம் வரைந்து அம்புக்குறி போட்டு அவள் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள்.

வெறும் வயிறு. வெயில். காலையில் அவள் கையாலேயே கொடுத்த மாத்திரை.

வாசலுக்கு வந்தபோது சித்தார்த்தன் இல்லை. மொட்டையடித்து முடித்து, தண்ணீர் எடுத்துவர ஆண்கள் அவனைப் பம்புசெட்டுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அவள் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். கொட்டகையில், ஆணியில் தொங்கிய சட்டைக்குள், மணி அடித்தது.

அம்மா ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சுற்றியிருந்த பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுடு சௌந்தரம். உள்ள வெச்சுக்காத. புருசன்டி." அம்மா ஐஸ் பெட்டியின் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா வந்து ஸ்விட்சை அணைத்தார். நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் நின்றது. அம்மா சட்டென்று தலையைத் தூக்கித் தெருப் பக்கம் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

தமிழ்மொழி வாய்க்கரிசி போட்டாள். அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாத முகமாக இருந்தது. மஞ்சளாக, சின்னதாக. கையைப் பார்த்தபோதுதான் அப்பா என்று தெரிந்தது. இரண்டு கட்டை விரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்று அவள் கண் தானாகப் பார்த்தது.

மேளம் நெருங்கியது. ஈர வேட்டியோடு, தோளில் தண்ணீர்க் குடத்தோடு சித்தார்த்தன் வந்தான். மொட்டைத் தலையில் இரண்டு இடத்தில் கத்தி பட்டுச் சிவந்திருந்தது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவன் கிட்டே போனாள்.

"சித்து, அந்த ஆரஞ்சு பாட்டில்ல…"

மேளம் பக்கத்திலேயே அடித்தது. அவன் அவளைப் பார்த்துக் காதைக் காட்டித் தலையை ஆட்டினான். அவள் மறுபடி சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கத்தினால் கேட்டிருக்கும். இருபத்துமூன்று வயது வரை அவள் கத்தியதில்லை. அந்த வீட்டில் சத்தம் போடாமல் இருப்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டாள்.

"நவுரும்மா, நேரம் ஆவுது," என்று பெரியப்பா அவன் தோளைத் திருப்பினார்.

பாடை கிளம்பியது. முன்னால் நெருப்புச் சட்டியோடு சித்தார்த்தன். பின்னால் டிராக்டர் பெட்டியில் விறகு, எருமூட்டை, இரண்டு ஆரஞ்சு பாட்டில். பெண்கள் தலைவிரி கோலமாகத் தெரு முனை வரை வந்தார்கள். ஃபிளெக்ஸுக்குக் கீழே பாடையை இறக்கித் திருப்பி வைத்தார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. வீட்டைக் கழுவிவிட வேண்டும், குளிக்க வேண்டும். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

தமிழ்மொழி திரும்பவில்லை.

"ஏ, எங்க போற?" பெரியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "பொம்பளைங்க போவக்கூடாது."

"தம்பி…"

"தம்பிய ஆம்பளைங்க பாத்துப்பாங்க. வா, வூட்டக் கழுவணும்."

அவள் கையை உருவிக்கொண்டாள். பலமாக உருவவில்லை. பெரியம்மாதான் ஆச்சரியத்தில் பிடியை விட்டுவிட்டாள்.

தார் ரோடு சுட்டது. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். தூவிக்கொண்டு போன பூக்களின் மேல் கால் வைத்து நடந்தாள். கொஞ்ச தூரம் சாமந்தி, கொஞ்ச தூரம் ரோஜா இதழ், இடையில் வெடித்த பட்டாசுக் காகிதம். இரண்டு பக்கமும் நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, ஊர்வலத்துக்குப் பின்னால் தனியாகப் போகிறவளைப் பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ கேட்டாள். அவள் நிற்கவில்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று நடந்துகொண்டே அடுக்கினாள். அவன் குடியை விட மாத்திரை சாப்பிடுகிறான். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் செத்துப்போவான். இரண்டே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தை முப்பது பேரும் கேட்டு மறந்துவிடுவார்கள். முதல் வாக்கியத்தை மறக்க மாட்டார்கள். கல்யாணத்தில், காதுகுத்தில், ஒவ்வொரு தடவை அவன் இந்த ஊருக்கு வரும்போதும் அது அவனுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்பன் மாரியே.

பம்பையாற்றின் கரையில், வேலிக்காத்தான் புதருக்கு நடுவே தகரக் கொட்டகை. அவள் போய்ச் சேர்ந்தபோது குடம் உடைத்து முடிந்திருந்தது. சித்தார்த்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்கையால் கொள்ளியை வைத்தான். கை நடுங்கவில்லை. "திரும்பிப் பாக்காம வா," என்று யாரோ சொன்னார்கள். அவன் வந்து சிமெண்டு மேடையில் உட்கார்ந்தான். விலா எலும்புகள் ஏறி இறங்கின.

மணிமாறன் பேப்பர் டம்ளர்களை அடுக்கிப் பாட்டிலைத் திறந்தான். முதல் டம்ளரை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, தம்பியிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"குடிடா. கலருதான். நாக்கு ஒட்டிக்கினு இருக்கும்."

சித்தார்த்தன் வாங்கினான். முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான். டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

அவள் புதரைவிட்டு வெளியே வந்தாள். பதினைந்து அடி இருக்கும். பாதி தூரத்தில் ஆண்கள் பார்த்துவிட்டார்கள். பேச்சு நின்றது. எரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு அது? பொட்டப் புள்ளக்கு இங்க இன்னா வேல?" பெரியப்பா எழுந்தார்.

அவள் வாயைத் திறந்தாள். இரண்டு வாக்கியமும் இருந்தன. சித்தார்த்தன் நிமிர்ந்து பார்த்தான். சொல்லிவிடாதே என்றும் இல்லை, சொல் என்றும் இல்லை. பத்து வரை எண்ணுகிற முகம்.

அவள் அவன் கையிலிருந்து டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

முழுதாகக் குடித்தாள். இனிப்பு முதலில் வந்தது. பிறகு எரிந்தது. பிறகு, தொண்டைக்குக் கீழே போன பின்பு, மூக்கு வழியாக அப்பா வந்தார். குனிந்து அவள் முகத்துக்கு நேரே "தூங்கிட்டியா?" என்று கேட்கிற அப்பா. கண்ணில் நீர் முட்டியது. முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு நன்றாக வரும்.

"ஏ… மொழி…" மணிமாறனின் வாய் திறந்தபடியே இருந்தது.

"தாகமா இருந்துச்சுண்ணா," என்றாள். "ரொம்ப தூரம் நடந்தேன்."

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். சாவுக் காரியத்துக்கு நடுவில் ஒரு பெண்ணுக்குப் பிராந்தியைக் கொடுத்தவன் என்று ஆகிவிடக் கூடாது. மூடியை எடுத்து அவசரமாகத் திருகினான்.

"இன்னாடா, எங்களுக்கு?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தீந்து போச்சு மாமா."

"தீந்து போச்சா? தோ இருக்குதே முழுசா!"

"அது கெட்டுப் போன கலரு. கம்முனு இரு."

பெரியப்பா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னாம்மா இது? ஊரு பழக்கம் தெரியாதா உனுக்கு?"

"தம்பிய கூட்டினு போவ வந்தேன் பெரியப்பா. காலைலருந்து சாப்பிடல. மயக்கமா வரும் அவனுக்கு."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பெரியப்பா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "போங்க. ரோட்டோரமா போங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

இருவரும் மல்லாட்டைக் கொல்லை வரை நடந்தார்கள். வெயிலில் ரோடு லேசாக ஏறி இறங்குகிற மாதிரி அவளுக்கு இருந்தது. வெறும் வயிறு அவளுக்கும்தான்.

"அக்கா, இந்தப் பக்கம் வா. கல்லு இருக்கு."

அவன் அவளுடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை. விழுகிற பக்கத்தில் தன் தோளைக் கொடுத்து, அரை அடி பின்னால் நடந்தான். அவளுக்குத் தெரிந்தது, இது அவனுக்குப் பழக்கம். எட்டு வயதில் அம்மா அவனைத்தான் கடைக்கு அனுப்புவாள், அப்பாவைக் கூட்டிவர. பையனை அடிக்க மாட்டார் என்று. அடிப்பார். ஆனால் வழியில் அடிக்க மாட்டார்.

"உனுக்குத் தெரிஞ்சுதா, அதுல இன்னா இருந்துச்சுன்னு?"

"வாசன தெரியாதா எனுக்கு?"

"குடிச்சிருப்பியா?"

அவன் கொஞ்ச தூரம் நடந்தான்.

"தெர்லக்கா."

வீட்டு வாசல் கழுவி ஈரமாக இருந்தது. பெரியம்மா முகத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே விளக்கு எரிந்தது. அம்மா துண்டோடு எழுந்து வந்தாள். மகனின் தலையைத் துவட்டுகிற மாதிரி அவன் முகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுடைய மூக்கு அவன் வாயருகே ஒரு கணம் நின்றது. அப்பாவோடு இருந்த பதினேழு வருஷப் பழக்கம். அம்மாவின் தோள் தளர்ந்தது. துண்டைத் தமிழ்மொழியிடம் கொடுக்கத் திரும்பினாள்.

அப்படியே நின்றாள்.

தமிழ்மொழி மூச்சை அடக்கிக்கொண்டாள். பயனில்லை. அம்மா அவளைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். கூடத்தில் பெண்கள் இருந்தார்கள். அம்மா குனிந்து, வந்தவர்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, மகளின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"மெல்லு," என்றாள்.

சாயங்காலம் கிடாரிக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் சித்தார்த்தன் ஆணியிலிருந்த சட்டையை எடுத்தான். பையிலிருந்து ஒரு செய்தித்தாள் கிழிசலை வெளியே எடுத்துப் பிரித்து அவளிடம் நீட்டினான். உள்ளே மாத்திரை. ஓரம் கரைந்து, காய்ந்து, தாளில் ஒட்டியிருந்தது.

"காலைல முழுங்கல. செரைக்கறதுக்கு மின்ன ஓடியாந்து இதுல மடிச்சு வெச்சேன்."

அவள் அதைப் பார்த்தாள். நாக்கின் அடி. அங்கே அவள் விளக்கைக் காட்டவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளு நானா இருந்து பாக்கலாம்னு," என்றான். "மாத்திர இல்லியே, ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சா இன்னா பண்றேன்னு."

"சித்து, அது ஒரு நாள் வுட்டா போவாது. ரெண்டு வாரம் ஒடம்புல நிக்கும். டாக்டரு சொன்னாரே."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஆமா இல்ல?" என்றான். "மறந்துட்டேன்."

கிடாரி தொட்டியில் மூக்கை வைத்து உறிஞ்சியது. அவள் தாளை மடித்தாள். ஒருமுறை மடித்தது போதாது என்று இன்னொருமுறை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குத் திரும்பி வரவேண்டும். "கொள்ளி வெச்சவன் ஊரத் தாண்டுறதா?" என்று பெரியப்பா முனகினார். அம்மா, "எம் புள்ள எங்கூட வரட்டும் மாமா," என்றாள். மணிமாறன் டிராக்டரில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் தமிழ்மொழியின் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினான். இறங்கும்போது மட்டும், "தல வலிக்குதா?" என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். வலித்தது.

தெரு முனையில் ஃபிளெக்ஸின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து, அப்பாவின் பாதி முகம் மடங்கித் தொங்கியது. சித்தார்த்தன் நின்று பார்க்கவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அம்மா இருவரையும் ஒரு தூணோரம் நிற்க வைத்துவிட்டு டீ வாங்கப் போனாள். தலையில் துண்டைப் போர்த்தியிருந்த சித்தார்த்தன் தானாகக் கையை நீட்டினான். அவள் கைப்பையைத் திறந்தாள். அட்டை மேலாகவே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த தாளை எடுத்து இரண்டு மடிப்பையும் பிரித்து, ஓரம் கரைந்த மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதைக் கொஞ்சம் பார்த்தான். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். பாட்டிலை மூடினான். அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

தமிழ்மொழி திண்டிவனம் பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றான், வாயைத் திறந்தபடியே.

"அதோ நிக்குது," என்றாள். "அம்மாவக் கூப்புடு. எடம் புடிக்கணும்."